உறை பிரிக்காத றிமோட்

குளிரூட்டிக்கு வளிச்சீராக்கி, ஏ.சி. என்று வேறு பெயர்களும் உண்டு. அதை இயக்கும் சிறு கருவியைத் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி என்று எழுதுகிறோம். பேசும்போது அது எல்லோருக்கும் றிமோட்தான். இந்தக் கட்டுரையிலும் அப்படியே அழைக்கிறேன். எழுத்தில் எவ்வளவு நீளமான பெயரைச் சூட்டினாலும், வீட்டில் அது மேசை லாச்சிக்குள் பொலித்தீன் உறையோடு கிடக்கிறது என்பதே நான் சொல்ல வரும் செய்தி.

யாழ்ப்பாணத்துக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரே காட்சியைப் பல வீடுகளில் காண்கிறேன். கனடாவிலோ இலண்டனிலோ சூரிச்சிலோ உள்ள பிள்ளை, பெற்றோரின் படுக்கையறைக்குக் குளிரூட்டி பூட்டுவித்திருக்கிறது. சுவரில் வெள்ளைப் பெட்டி பளபளவென்று இருக்கிறது. கீழே பழைய மேசை விசிறி தலையை ஆட்டிக்கொண்டு வெக்கைக் காற்றை வீசிக்கொண்டிருக்கிறது. ஏன் போடவில்லை என்று கேட்டால் வரும் விடைகள் இரண்டு. ஒன்று, மின்கட்டணம். மற்றது, “உதிலை எதை அமத்துறதெண்டு தெரியாது தம்பி.”

முதல் விடையைப் பிள்ளைகள் காசனுப்பித் தீர்க்கிறார்கள். இரண்டாவதை எவரும் தீர்ப்பதில்லை. இரண்டாவது தீர்ந்தால் முதலாவதிலும் பாதி தீர்ந்துவிடும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதுமில்லை.

நான் கலைப்பட்டதாரி. பௌதிகவியல் எனக்குத் தொழிலன்று. ஆயினும் குளிரூட்டிக்கும் என் தொழிலுக்கும் ஓர் உறவு உண்டு. 1902ஆம் ஆண்டு நியூயோர்க்கின் புறூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காகத்தான் வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் நவீன குளிரூட்டியின் முதல் வடிவத்தை வரைந்தார். மனிதர்களுக்கு வியர்க்கிறது என்பதற்காக அல்ல, காகிதத்துக்காக. காற்றின் ஈரப்பதன் மாறும்போது காகிதம் விரியும், சுருங்கும். ஒரு நிறத்தை அச்சிட்டு மறுநிறத்தை அச்சிடும்போது இரண்டும் பொருந்தாமல் விலகிவிடும். அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தவே அந்த இயந்திரம் பிறந்தது. மழைக்காலத்தில் பத்திரிகையின் வண்ணப் படத்தில் உதடு ஓரிடத்திலும் உதட்டுச் சிவப்பு வேறிடத்திலும் விழுந்ததைக் கண்டு தலையிலடித்துக்கொண்ட எவருக்கும் கரியரின் பிரச்சினை விளங்கும்.

1990களின் நடுப்பகுதியில் நான் கொழும்பில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோதும் அதே நியாயந்தான் நடைமுறையில் இருந்தது. முழுக் காரியாலயத்திலும் குளிரூட்டப்பட்ட அறை ஒன்றே ஒன்று. அது கணினிப் பகுதி. கணினிகளுக்கு வெப்பம் ஆகாது என்பதால் அவற்றுக்குக் குளிர் வழங்கப்பட்டது. மனிதர்களுக்கு விசிறி வழங்கப்பட்டது. நிருபர்கள் ஏதாவது காரணம் சொல்லிக் கணினிப் பகுதிக்குள் நுழைந்து, தலைப்பைத் திருத்துவதுபோலப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வருவார்கள். அந்நாளைய இயந்திரம் யன்னலில் பொருத்தியது; முகத்தில் இரண்டு திருகிகள். ஒன்று காற்றின் வேகத்துக்கு, மற்றது குளிருக்கு. திருகினால் தெரியும்.

பின்னர் சுவரில் பூட்டும் இயந்திரங்கள் வந்தன. திருகிகள் மறைந்து றிமோட் வந்தது. அதனோடு அதிகாரமும் வந்தது. றிமோட் யார் மேசையில் இருக்கிறதோ அவரே அறையின் காலநிலைக்கு அதிபதி. ஆசிரியபீடத்தில் ஒருவர் கோட் போட்டுக்கொண்டு 18 என்பார். குளிர்காற்று நேரே விழும் மூலையில் இருந்த ஒப்புநோக்காளர் கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு மௌனமாகப் பிழை திருத்துவார். அரச மாற்றங்களைப் பற்றி எழுதிய எங்களுக்கு அந்தச் செங்கோல் கைமாறும் அரசியலும் பரிச்சயந்தான்.

நிற்க. என் பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன்.

கோண்டாவிலில் தனியாக வாழ்கிறார். வயது 79. இருதய நோய்க்கு மருந்து எடுப்பவர். கடும் கோடை நாளொன்றில் தலைசுற்றி விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடலில் நீர் குறைந்துவிட்டது, அறையைக் குளிர்மையாக வைத்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். ரொறன்ரோவில் உள்ள மகன் மறுவாரமே குளிரூட்டி பூட்டுவித்தார். பூட்ட வந்தவர் 16 பாகையில் ஓடவிட்டு, “நல்லாக் குளிருது பாத்தீங்களா அம்மா” என்று சொல்லி, கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு பெரியம்மா இரண்டு போர்வையோடு நடுங்கினார். விடிந்ததும் சுவர் ஆளியை அணைத்தார். சில நாட்களின் பின் வெக்கை தாங்காமல் மீண்டும் போட்டு, றிமோட்டில் எதையோ அமத்தியிருக்கிறார். அதன்பின் மூன்று நாள் இயந்திரம் வெறுங்காற்றையே வீசியது. பழுதென்று நினைத்துத் திருத்துநரை அழைத்தார். அவர் வந்தார், ஒரு பொத்தானை அமத்தினார், 4,000 ரூபாய் வாங்கினார், எந்தப் பொத்தான் என்று சொல்லாமலே போனார்.

அதன் பின்னர்தான் றிமோட் உறைக்குள் போய் லாச்சிக்குள் அடங்கியது.

“ஏன் பெரியம்மா, போனிலை அவனிட்டைக் கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“கேட்டனான். ‘மோட்’டை அமத்துங்கோ எண்டான். எது மோட்? எல்லாம் இங்கிலீசு. ஒண்டு கிடக்க ஒண்டை அமத்தி மிசின் பழுதாப் போனா? அவன் பனிக்குள்ளை கிடந்து உழைச்ச காசெல்லே தம்பி.”

இந்தப் பதிலை அறியாமை என்று எவரும் கொள்ள வேண்டாம். 1990 ஜூனுக்குப் பின் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. அந்த நாட்களில் ஜாம் போத்தல் விளக்கில் பஞ்சைத் திரித்துப் போட்டு, மண்ணெண்ணெயைத் துளித்துளியாக மிச்சம் பிடித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுள் பெரியம்மாவும் ஒருவர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்ட தலைமுறை அது. இயந்திரத்துக்கு அஞ்சியவர்கள் அல்லர். ஆனால் டைனமோ சுற்றினால் வானொலி பேசும் என்ற காரணமும் காரியமும் அவர்கள் கண்முன்னே இருந்தன. றிமோட்டில் காரணம் கண்ணுக்குத் தெரியாது, எழுதியிருப்பதோ வேற்றுமொழி.

ஆகவே, அந்தக் கருவியை நான் விளங்கிக்கொண்ட அளவில் இங்கு தமிழில் எழுதி வைக்கிறேன். பெயர்களும் இடங்களும் கம்பனிக்குக் கம்பனி சற்று மாறும், அடிப்படை மாறாது.

றிமோட்டின் முன்முனையிலுள்ள சிறு குமிழ் அகச்சிவப்புக் கதிரை அனுப்புகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. கைத்தொலைபேசியின் கமராவுக்குப் பெரும்பாலும் தெரியும். கமராவுக்கு நேரே றிமோட்டைப் பிடித்துப் பொத்தானை அமத்தினால் ஊதா கலந்த வெண்புள்ளி மின்னும். பின்பக்கக் கமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கமராவில் பாருங்கள். எதிலும் மின்னாவிட்டால் முதலில் பற்றரியை மாற்றுங்கள். திருத்துநரை அழைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்தாலே சில ஆயிரங்கள் மிஞ்சும். மாதக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள். அவை கசிந்தால் உள்ளிருக்கும் தகடு அரித்துப்போகும்.

அடுத்ததுதான் முக்கியம். தொலைக்காட்சி றிமோட் ஒரு தடவைக்கு ஒரு கட்டளையையே அனுப்புகிறது. ‘ஒலியைக் கூட்டு’ என்றால் அது மட்டுந்தான். பெரும்பாலான குளிரூட்டி றிமோட்டுகள் அப்படியல்ல. எந்தப் பொத்தானை அமத்தினாலும் வெப்பநிலை, காற்றின் வேகம், இயங்கும் முறை எல்லாவற்றையும் ஒருசேர அனுப்புகின்றன. பத்திரிகை மொழியில் சொன்னால், முதலாவது ஒரு சொல்லைத் திருத்தி அனுப்புகிறது. இரண்டாவது ஒவ்வொரு தடவையும் முழுப் பக்கத்தையும் மீண்டும் அனுப்புகிறது. இயந்திரமோ றிமோட்டுக்கு மறுமொழி அனுப்புவதில்லை. ஆகவே றிமோட்டின் திரையில் தெரிவது றிமோட் சொன்னது மட்டுமே. இயந்திரம் கேட்டது என்பதற்குச் சாட்சியல்ல. சாட்சி, இயந்திரம் எழுப்பும் ‘பீப்’ ஒலி. அறைக்கு வெளியே நின்று அமத்தினாலும் திரையில் இலக்கம் மாறும், இயந்திரத்தில் மாறாது. “24 எண்டு காட்டுது, ஆனா குளிரேல்லை” என்ற முறைப்பாடுகளில் பல இதனால் வருபவை. இயந்திரத்துக்கு நேரே பிடித்து, பீப் கேட்கும்வரை அமத்துவதே விதி.

இனி அந்த ‘மோட்’. இயங்கும் முறையை மாற்றும் பொத்தான் இது. ஒவ்வொரு அமத்தலுக்கும் ஒவ்வொரு சின்னம் திரையில் தோன்றும். சூரியன், வெப்பமூட்டல், நம் நாட்டில் விற்கும் இயந்திரங்கள் பலவற்றில் சின்னம் இருந்தாலும் அந்த வசதி இராது. விசிறிச் சின்னம், வெறுங்காற்று; பெரியம்மாவை மூன்று நாள் வதைத்தது இதுதான். நீர்த்துளி, காற்றின் ஈரத்தை இறக்கும் முறை. வட்ட அம்புகள் அல்லது ‘ஏ’ எழுத்து, இயந்திரம் தானே தீர்மானிப்பது. பனித்திவலை, குளிரூட்டல்.

பெரியம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன். பனித்திவலையைக் கண்டதும் கண்ணாடியைச் சரிசெய்து உற்றுப் பார்த்தார்.

“உது கோலமெல்லே?”

ஆறு கரங்களோடு அது உண்மையிலேயே சிறு கோலம்தான். வாழ்நாளில் பனியைக் காணாதவருக்கு அது வேறெப்படித் தெரியும்? அவருடைய மகன் ஆண்டில் நான்கு மாதம் வீட்டு வாசலில் சவளால் அள்ளிக் கொட்டுவது இதைத்தான் என்று சொன்னேன். சிறிது நேரம் அந்தச் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “சரி, கோலம் வந்தாக் குளிர்” என்றார். அந்தக் கணத்தோடு ‘மோட்’ அவருக்கு விளங்கிவிட்டது. நானும் அதற்குமேல் ‘பனித்திவலை’ என்று சொல்லவில்லை.

வெப்பநிலை பற்றிய மயக்கம் படித்தவர்களிடமும் உண்டு. 16இல் வைத்தால் அறை விரைவாகக் குளிரும் என்று எண்ணுகிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் மோட்டர் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று மிதவை வைக்கிறோம் அல்லவா? கோட்டை உயர்த்திப் போட்டால் மோட்டர் வேகமாக இறைக்காது. நீண்ட நேரம் இறைக்கும். 16 என்பதும் அப்படி ஒரு கோடுதான். வேகத்தைத் தானே மாற்றும் ‘இன்வேர்ட்டர்’ வகையும் சூடான அறையில் தொடக்கத்தில் ஏறக்குறைய முழு மூச்சிலேயே ஓடும். கோட்டை நெருங்கும்போதுதான் மூச்சை அடக்கும். ஏப்ரல் மாதத்து யாழ்ப்பாண அறையில் 16ஐ இயந்திரம் எட்டுவதே அரிது. எட்டாதவரை அது ஓய்வதில்லை.

இங்கேதான் மின்கட்டணம் வருகிறது. 1,000 வாட் இழுக்கும் இயந்திரம் இரவில் 8 மணி நேரம் ஓயாமல் ஓடினால் 8 அலகு, மாதத்துக்கு 240. இலங்கையில் வீட்டுப் பாவனைக்குக் கட்டணம் படிப்படியாக உயர்வது. அலகுகள் கூடும்போது அலகின் விலையும் கூடும். ஆகவே தனியொருவர் வாழும் வீட்டின் பட்டியல் இரட்டிப்பாவதோடு நிற்காது, பல மடங்காகும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டை அனுபவித்து, அதே ஆண்டு ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் அடுத்தடுத்துப் பெரும் கட்டண உயர்வுகளைக் கண்ட மக்கள் நாங்கள். பின்னர் கட்டணம் குறைந்த தடவைகளும் உண்டு. மனதில் பதிந்த அச்சம் அவ்வளவு இலகுவாகக் குறைவதில்லை.

அச்சத்துக்கு மருந்து வெப்பநிலைப் பொத்தானிலேயே இருக்கிறது. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் அங்கு விற்கும் அறைக் குளிரூட்டிகள் இயல்பாகவே 24 பாகையில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. யப்பான் 2005இல் கோடைக் காலத்தில் காரியாலயங்களை 28 பாகையில் வைக்குமாறு இயக்கமே நடத்தி, கழுத்துப்பட்டியையும் கோட்டையும் கழற்றச் சொன்னது. நம் உடலுக்கு 26 போதும். கூடவே கூரை விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் இன்னும் இரண்டொரு பாகை குறைந்ததுபோல இருக்கும். பெரியம்மாவுக்கு 27இலேயே நல்ல நித்திரை வருகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்த்துளி முறை ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் புழுக்கத்துக்கு நல்லது. கொளுத்தும் கோடைப் பகலுக்குப் போதாது. பிறைச் சின்னமோ ‘சிலீப்’ என்ற சொல்லோ உள்ள பொத்தான், நித்திரையில் உடல் குளிர்வதற்கேற்ப மணிக்கொரு பாகையாக ஒன்றிரண்டு பாகை உயர்த்தும், வயோதிபர்களுக்கு உகந்தது. மணிக்கூட்டுச் சின்னம், குறித்த நேரத்தில் தானாக அணைவதற்கு. ‘சுவிங்’ என்பது காற்று விழும் திசையை மாற்றுவது. படுப்பவர் முகத்தில் நேரே விழாதபடி மேல்நோக்கி நிறுத்தி வையுங்கள். திரையில் திடீரென்று 77 என்று தெரிந்தால் திகைக்க வேண்டாம். பரனைற்றுக்கு மாறிவிட்டது, அது 25 பாகைதான். அணைத்த உடனே மீண்டும் போட்டால் இரண்டு மூன்று நிமிடம் குளிர் வராது. வெளியிலுள்ள அமுக்கி தன்னைக் காத்துக்கொள்ளத் தாமதிக்கிறது. பொறுத்திருக்க வேண்டும், பொத்தான்களை மாறிமாறி அமத்தக் கூடாது. அணைக்கும்போது முதலில் றிமோட்டால் அணைத்துவிட்டுப் பின்னரே சுவர் ஆளியை அணைக்க வேண்டும்.

இவ்வளவையும் பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. பழைய கலண்டர் மட்டையின் பின்புறத்தில் கறுப்புப் பேனையால் பெரிய எழுத்தில் நான்கு வரி எழுதினேன்: சிவப்புப் பொத்தான் போட, அணைக்க. கோலம் இருக்க வேண்டும். இலக்கம் 27. பீப் கேட்க வேண்டும். ‘மோட்’ பொத்தானுக்கு மேல் நெற்றிப் பொட்டு ஒன்றை ஒட்டினார்; அது அவருடைய யோசனை. கோலம் காணாமல் போனால் பொட்டை அமத்தி அமத்திக் கோலத்தை வரவழைப்பார். அவரே போட்டு, அவரே அணைத்து, மறுபடி போட்டுக் காட்டும்வரை நான் றிமோட்டைக் கையில் வாங்கவில்லை. நாமே செய்து காட்டிக்கொண்டிருந்தால் அவர்கள் தலையாட்டுவார்கள்; நாம் போனபின் அது உறைக்குள் போய்விடும்.

இது ஒரு கருவியைப் பற்றிய சில்லறை விடயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயது ஏற ஏற உடல் வியர்ப்பது குறைகிறது. தாகமும் பிந்தியே தெரிகிறது. தமக்கு வெப்பம் ஏறுவதை முதியவர்கள் உணரும்போது நேரம் கடந்திருக்கும். 2003 ஓகஸ்டில் பிரான்ஸில் வெப்ப அலையால் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் முதியவர்கள், பலர் தனியே வாழ்ந்தவர்கள். பாரிஸில் அந்நாட்களில் இருந்த நம்மவர்களுக்கு அது நினைவிருக்கும். அவ்வளவு வசதியுள்ள நாட்டில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் போயிருந்த வேளையில் அது நடந்தது. நம் ஊர்களில் பிள்ளைகள் விடுமுறைக்குப் போகவில்லை; நிரந்தரமாகவே போய்விட்டார்கள். வீடுகள் இருக்கின்றன, உள்ளே எழுபதும் எண்பதும் வயதான ஒருவர் அல்லது இருவர் இருக்கிறார்கள். நம் வளிமண்டலவியல் திணைக்களமும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கைகளை விடுக்கிறது. எச்சரிக்கை வரும் நாளில் சுவரில் இருக்கும் இயந்திரத்தை இயக்கத் தெரிந்திருப்பது உயிர்க்காப்பு.

விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நல்லூர்த் திருவிழா பாருங்கள், கசூரினாக் கடற்கரைக்குப் போங்கள், கூழ் குடியுங்கள். அவற்றுக்கிடையே ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி அம்மாவோடு கட்டிலில் அமர்ந்து அந்த உறையைப் பிரியுங்கள். அவர் என்ன பெயர் சொல்கிறாரோ அந்தப் பெயரையே நீங்களும் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாதப் பட்டியல் எவ்வளவு வரும் என்பதையும், அதை யார் கட்டுவது என்பதையும் வெளிப்படையாகப் பேசி முடியுங்கள். ஏப்ரல் பிறக்கும் முன் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, “அம்மா, போட்டு ‘பீப்’ சத்தத்தைக் கேக்க வையுங்கோ” என்று கேளுங்கள். அந்தச் சிறு ஒலி கடல் கடந்து உங்கள் காதில் விழுந்தால், அன்றிரவு நீங்களும் நிம்மதியாக உறங்கலாம்.